மோட்டார் மேல் போடும் பழி

காரின் ஜன்னல் கண்ணாடி பாதி வழியில் நின்றுவிட்டது என்று பட்டறையில் வண்டியை விட்டால், கொல்லங்கோட்டிலும் சரி, பாலக்காட்டிலும் சரி, எல்லை தாண்டிப் பொள்ளாச்சியிலும் சரி, பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: "மோட்டார் போயிருச்சுங்க, மாத்தீறலாம்." டோர் பேடில் ஒரு திருகுகூடக் கழலுவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. வண்டிக்காரரும் மறுப்பதில்லை. கண்ணாடியை ஏற்றி இறக்குவது மோட்டார், கண்ணாடி ஏறவில்லை, ஆகவே மோட்டார் கெட்டுவிட்டது. கேட்பதற்குக் கணக்குப் போல நேராக இருக்கும் இந்த வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பொத்தானுக்கும் மோட்டாருக்கும் இடையில் என்னென்ன இருக்கிறது, மோட்டாருக்கும் கண்ணாடிக்கும் இடையில் என்னென்ன இருக்கிறது என்று அது கேட்பதே இல்லை. நின்றுபோன கண்ணாடி சொல்வதெல்லாம் இந்த வழியில் எங்கோ ஒரு தடை இருக்கிறது என்பது மட்டும்தான். அந்தத் தடை எங்கே என்று அளந்து பார்க்காமல் ஒரு பொருளை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பதற்குப் பழுதுபார்த்தல் என்று பெயர் வைக்கக் கூடாது. அது உதிரிபாக வியாபாரம். வியாபாரம் தவறில்லை, ஆனால் அதை வைத்தியம் என்று சொல்லி விற்பது தவறு.

இந்த வட்டாரத்து விவசாயிக்கு இதைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. சித்தூர் தாலுகாவில் கிணறோ போர்வெல்லோ உள்ள தோட்டத்துக்காரர் எவரும், பம்ப்செட் தண்ணீர் தூக்கவில்லை என்றதும் புது மோட்டார் வாங்கக் கோயம்புத்தூருக்கு ஓடுவதில்லை. முதலில் ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கிப் பார்க்கிறார். மூன்று ஃபேஸும் வருகிறதா என்று பார்க்கிறார். ஸ்டார்ட்டரைத் தட்டிப் பார்க்கிறார். மோட்டார் ஓடியும் தண்ணீர் வரவில்லை என்றால் காற்றுப் பிடித்திருக்கிறதா, ஃபுட் வால்வு ஒழுகுகிறதா, கிணற்றில் தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டதா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வருகிறார். காயில் கருகிய வாடை வந்த பிறகுதான் மோட்டாரைக் கழற்றி வண்டியில் ஏற்றுவது. "மோட்டாரே ஓடலை" என்பதும் "மோட்டார் ஓடுது, தண்ணி வரலை" என்பதும் இரண்டு வேறு நோய்கள் என்பது அவருக்குத் தெரியும். இவ்வளவு தெளிவான மனிதர் கார்க் கதவின் முன் வந்து நின்றதும் அந்தப் புத்தியை வாசலிலேயே கழற்றி வைத்துவிடுகிறார். காரணம் எளிது. பம்ப்செட்டில் எல்லாம் கண்ணெதிரே கிடக்கின்றன. கதவில் எல்லாம் பேடுக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாதபோது யார் உறுதியான குரலில் பேசுகிறாரோ அவர் சொல்வதே உண்மையாகிவிடுகிறது.

ஆகவே அந்தப் பேடுக்குப் பின்னால் இருப்பதைச் சொல்லிவிடுவது முதல் வேலை. பேட்டரியிலிருந்து புறப்படும் 12 வோல்ட், ஒரு ஃப்யூஸையும் பல கார்களில் ஒரு ரிலேயையும் கடந்து, ஓட்டுநர் பக்கத்து மாஸ்டர் சுவிட்சுக்கு வருகிறது. அங்கிருந்து மற்ற கதவுகளின் சுவிட்சுகளுக்குப் போகிறது. ஒவ்வொரு கதவுக்குள்ளும் நுழையும் கம்பிகள், கீல் பக்கத்தில் ஒரு ரப்பர்க் குழாய் வழியாகப் போகின்றன. உள்ளே மோட்டார், அதன் தலையில் புழுப் பற்சக்கரம், அதோடு ரெகுலேட்டர். ரெகுலேட்டர் சில கார்களில் கத்தரிக்கோல் போன்ற இரும்புக் கைகள், இன்னும் பலவற்றில் பிளாஸ்டிக் உருளைகளைச் சுற்றி ஓடும் எஃகுக் கயிறு. கடைசியில் கண்ணாடி, அதன் இருபுறமும் அது ஓடும் சேனல் ரப்பர். இத்தனைக்கும் நடுவே உலோகக் கூட்டுக்குள் மூடப்பட்டு, எண்ணெய்ப் பசையோடு, அதிகச் சூடானால் தானே நின்று குளிர்ந்ததும் மறுபடி ஓடும் பாதுகாப்போடு உட்கார்ந்திருப்பது மோட்டார் ஒன்றுதான். ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள்கூட அது ஓடுவதில்லை. சுவிட்சின் தொடுமுனைகளோ ஒவ்வோர் அழுத்தத்துக்கும் பொறி பறந்து கருகுகின்றன. கீல் பக்கத்துக் கம்பிகள் கதவு திறந்து மூடும்போதெல்லாம் மடங்கி நிமிர்கின்றன. ரப்பர் வெயிலில் காய்கிறது. சந்தேகப்பட வேண்டிய வரிசையில் மோட்டாருக்குக் கடைசி இடங்களில் ஒன்றுதான் நியாயம். நடைமுறையில் அதற்கு முதல் இடம் கொடுக்கப்படுகிறது.

மோட்டார் வருவதற்கு முந்தைய காலத்தை நினைத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். பவர் விண்டோ 1940இல் அமெரிக்காவின் பேக்கார்டு கார்களில் தொடங்கியது. நம் சாலைகளில் அம்பாசடரும் மாருதி 800உம் ஓடிய நீண்ட காலம் முழுவதும் பெரும்பாலும் கைப்பிடி சுற்றித்தான் கண்ணாடி ஏறியது. அப்போதும் ரெகுலேட்டர் இருந்தது, ரப்பர் இருந்தது, புழுதி இருந்தது. கண்ணாடி இறுகத் தொடங்கினால் சுற்றும் கைக்கு முதல் வாரமே தெரிந்துவிடும். கொஞ்சம் துடைத்து, பவுடரோ எண்ணெயோ போட்டுச் சரிசெய்துவிடுவார்கள். யாரும் "என் கை போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று சொன்னதில்லை. இன்று அந்தக் கையின் இடத்தில் மோட்டார் இருக்கிறது. அது இறுக்கத்தை நம்மிடம் சொல்லாமல் கூடுதல் மின்சாரம் இழுத்துச் சமாளிக்கிறது. இலேசாக ஓடும்போது சுமார் 5 ஆம்பியர் இழுக்கும் மோட்டார், கண்ணாடி முட்டி நின்றால் 15, 20 ஆம்பியர்வரை போகும். அந்தச் சுமையில் சுவிட்சின் தொடுமுனை கருகுகிறது, கனெக்டர் இளகுகிறது, ஃப்யூஸ் எரிகிறது. பழைய கைப்பிடிக் காலமே மேல் என்று பெருமூச்சு விடுபவர்களுக்கும் இதுவே பதில்: இறுக்கம் அப்போதும் இருந்தது, அதை அறிவிக்கும் கை மட்டும்தான் இப்போது இல்லை. கை போன இடத்தில் அளவுகருவி வர வேண்டும். அது வராமல் புது மோட்டார் மட்டும் வந்தால், இறுக்கம் அப்படியே இருக்கும்.

கருவி எடுப்பதற்கும் முன்னால், ஜன்னலே தன் நோயைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கேட்க ஆள் வேண்டும். நான்கு கண்ணாடியும் ஒரே நேரத்தில் நின்றால், நான்கு மோட்டார்கள் ஒரே நாளில் பேசிவைத்துக்கொண்டு சாவதில்லை. அது ஃப்யூஸ், ரிலே, மாஸ்டர் சுவிட்ச், அல்லது ஓட்டுநர் கதவுக்குள் வரும் முதன்மைக் கம்பி. பின்கண்ணாடி ஓட்டுநர் பொத்தானில் ஏறுகிறது, தன் சொந்தப் பொத்தானில் ஏறவில்லை என்றால் மோட்டார் நிரபராதி. யாரோ லாக் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள், அல்லது அந்தச் சுவிட்ச் கெட்டிருக்கிறது. கதவைப் பாதி திறந்தால் ஓடுகிறது, மூடினால் நிற்கிறது என்றால் கீல் பக்கத்து ரப்பர்க் குழாய்க்குள் கம்பி அறுந்திருக்கிறது. மேலுறை முழுதாக இருக்கும், உள்ளே செம்பு துண்டாகியிருக்கும். மோட்டார் உறுமும் சத்தம் கேட்கிறது, கண்ணாடி அசையவில்லை என்றால் கயிறோ பிளாஸ்டிக் பிடிப்போ பற்சக்கரமோ போயிருக்கிறது. இறங்குகிறது, ஏற மறுக்கிறது என்றால் ஏற்றும் பக்கத்துத் தொடுமுனையும் சேனல் ரப்பரும் முதல் சந்தேகத்துக்குரியவை. ஏறும்போதுதான் கண்ணாடியின் எடை முழுவதும் சுமையாகிறது. இன்னொரு சோதனைக்குக் காசே வேண்டாம்: இரவில் எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் நிலையில் வைத்து, உள்விளக்கைப் போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். விளக்கு மங்கினால் மோட்டாருக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது, எதுவோ இறுகப் பிடித்திருக்கிறது. விளக்கு அசையவே இல்லை என்றால் மின்சாரம் பெரும்பாலும் மோட்டாரை எட்டவே இல்லை. இத்தனை வகைக் கேள்விகளுக்கும் "மோட்டார் போயிருச்சு" என்ற ஒரே விடை எப்படிப் பொருந்தும்?

இதில் மிகவும் ஏமாற்றுவது மாஸ்டர் சுவிட்ச். பல கார்களில் பயணி பக்கத்து மோட்டாரின் இரண்டு கம்பிகளும், ஓய்வில் இருக்கும்போது, ஓட்டுநர் பக்கத்துச் சுவிட்சின் தொடுமுனைகள் வழியாகத்தான் எர்த் ஆகின்றன. பயணி தன் பொத்தானை அழுத்தும்போது ஒரு கம்பியில் 12 வோல்ட் வருகிறது. மறு கம்பியில் திரும்பும் மின்சாரம் ஓட்டுநர் கதவுவரை போய்த்தான் எர்த்தை அடைகிறது. ஆகவே நோய் இருப்பது வலப்பக்கத்து முன்கதவில். வலி தெரிவது இடப்பக்கத்துப் பின்கதவில். வலிக்கிற இடத்தில் பேடைக் கழற்றி, மோட்டாரை மாற்றி, அதுவும் ஓடாமல் கைபிசைவது இதனால்தான். ஓட்டுநர் பக்கத்துச் சுவிட்ச்தான் வண்டியிலேயே அதிகம் அழுத்தப்படுவது; செக்போஸ்ட்டிலும் டோல் வாசலிலும் மழையில் கண்ணாடியை இறக்கும்போது சாரல் விழுவதும், கைதவறிய தேநீர் சிந்துவதும் அதன்மேல்தான். அதைக் கழற்றித் திறந்து, தொடுமுனைகளில் படிந்த கரியைத் துடைத்து, காண்டாக்ட் கிளீனர் அடித்துப் பார்ப்பது பொறுமை வேண்டிய வேலை, ஆனால் பெரிய வேலை இல்லை. அதைச் செய்யாமல் இரண்டு மோட்டார் மாற்றிய பட்டறைக்குத் திறமை குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். வரிசை தவறிவிட்டது என்றுதான் சொல்வேன்.

ஊரையும் கணக்கில் எடுக்க வேண்டும். கொல்லங்கோடு பாலக்காட்டுக் கணவாயின் தெற்கு விளிம்பில், நெல்லியாம்பதி மலையடிவாரத்தில் இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும். முதலமடை மாந்தோப்புகளில் அறுவடை நடக்கும் காலமும் அதுதான், மண்பாதையில் வண்டிகள் புழுதி கிளப்பும். ஜூன் பிறந்ததும் தென்மேற்குப் பருவமழை வருகிறது. கணவாய்க் காற்று அதைச் சாய்த்து அடிக்கிறது. வெயில் சேனல் ரப்பரைக் காய்ச்சிச் சுருக்குகிறது, புழுதி அதற்குள் அரைத்த மாவாய்ப் படிகிறது, மழை அதைச் சேறாக்குகிறது, அடுத்த வெயில் அதை இறுக்குகிறது. கதவுக்குள் தண்ணீர் வரக் கூடாது என்று நினைப்பது தவறு. கண்ணாடி வழியே தண்ணீர் எப்போதும் இறங்கும், அது வெளியேறத்தான் கதவின் அடியில் துளைகள் வைத்திருக்கிறார்கள். புளியமரத்தடியில் நிறுத்தும் வண்டியில் அந்தச் சின்னஞ்சிறு இலைகள் கண்ணாடியோடு உள்ளே வழுக்கிப் போய் அந்தத் துளைகளை அடைக்கின்றன, தண்ணீர் தேங்குகிறது, கீழ்ப்பகுதியில் உள்ள கனெக்டர் பச்சை பூக்கிறது. பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை, முன்பு ஏதோ ஸ்பீக்கர் மாட்டியவர் கிழித்து எறிந்திருந்தால், ஈரம் சுவிட்ச் பக்கமும் வரும். இந்தக் காரணங்கள் எதுவும் மோட்டாருக்குள் இல்லை. கதவின் அடித்துளைகளைக் குச்சியால் குத்திவிடுவதும், சேனல் ரப்பரைத் துடைத்துச் சிலிக்கான் ஸ்ப்ரே அடிப்பதும் செய்யாமல் மாட்டப்படும் புது மோட்டார், பழையது சந்தித்த அதே மழைக்கும் அதே புழுதிக்கும் போகிறது. ரப்பரில் கிரீஸ் பூசுவதும் கூடாது. அது ரப்பரை ஊதவைத்து, புழுதியைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

அளந்து பார்க்கிறோம் என்று சொல்லும் பட்டறைகளும் இருக்கின்றன. அங்கே வேறொரு பிழை நடக்கிறது. கனெக்டரைப் பிடுங்கி மல்டிமீட்டரை வைக்கிறார்கள். 12 வோல்ட் காட்டுகிறது. "கரண்ட் வருது, மோட்டார்தான்" என்று முடிக்கிறார்கள். மீட்டர் மின்சாரம் குடிப்பதே இல்லை என்று சொல்லலாம். இருபது இழை உள்ள கம்பியில் பத்தொன்பது அறுந்து ஒன்றே ஒன்று மிச்சமிருந்தாலும் அது 12 காட்டும். மோட்டார் 5 ஆம்பியர் கேட்கும்போதுதான் அந்த ஒற்றை இழையின் யோக்கியதை தெரியும். வழியில் அரை ஓம் தடை இருந்தால்கூட 5 ஆம்பியருக்கு இரண்டரை வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். ஒன்பதரை வோல்ட்டில் மோட்டார் தள்ளாடும். ஆகவே சோதனை சுமையோடு நடக்க வேண்டும். பட்டறையில் கிடக்கும் பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பு போதும். அது நாலரை ஆம்பியர் இழுக்கும், ஏறக்குறைய மோட்டார் அளவுக்கு. மோட்டார் கனெக்டரில் மோட்டாருக்குப் பதில் பல்பை வைத்து, ஏற்றும் பக்கமும் இறக்கும் பக்கமும் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் பளிச்சென்று எரிந்தால் கம்பியும் சுவிட்சும் தப்பித்தன. மங்கினால் வழியில் எங்கோ அரிப்பு. எரியவே இல்லை என்றால் வழி அறுந்திருக்கிறது. அதோடு மறுபாதிச் சோதனையும் உண்டு: பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வைத்த இரண்டு கம்பிகளை நேராக மோட்டாருக்குக் கொடுப்பது. கண்ணாடி விறுவிறுவென்று ஏறினால் மோட்டார், ரெகுலேட்டர், ரப்பர் மூன்றும் ஒரே நேரத்தில் விடுதலை. ஒரு பல்பும் இரண்டு கம்பியும் கதவை இரண்டாகப் பிரித்து, குற்றம் எந்தப் பாதியில் என்று சொல்லிவிடுகின்றன.

இதற்கு வரும் முதல் மறுப்பு அனுபவத்திலிருந்து வருகிறது: "மோட்டாரை மாற்றினோம், கண்ணாடி ஏறியது. இதைவிட என்ன சான்று வேண்டும்?" மாற்றிய பின் ஏறியது உண்மைதான். ஆனால் மாற்றும்போது வேறு என்னென்ன நடந்தது? கனெக்டர் பிடுங்கி மறுபடி செருகப்பட்டது. அதில் படிந்திருந்த களிம்பு உரசலில் விலகியது. கம்பிக் கொத்து இழுத்து நகர்த்தப்பட்டது. அறுந்த முனைகள் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டன. கண்ணாடி கழன்று மறுபடி உட்கார்ந்தது. கோணலாக இருந்தது நேரானது. ரப்பர் விலக்கப்பட்டு அழுத்தப்பட்டது. இத்தனை வைத்தியமும் நடந்த பிறகு குணமானால் அந்தப் புகழை மோட்டாருக்கு மட்டும் எப்படி எழுதி வைப்பது? இன்னொன்றும் உண்டு. புது மோட்டாருக்குத் தெம்பு அதிகம். காய்ந்த ரப்பரின் இழுப்பையும் குறைந்த வோல்டேஜையும் அது சில மாதங்கள் தாங்கிக் காட்டும். பிறகு அதுவும் திணறும். அப்போது "டூப்ளிகேட் மோட்டார், அதான் தாங்கலை" என்ற விளக்கம் தயாராக இருக்கும். ஒரே கதவுக்கு இரண்டாம் முறை மோட்டார் போகிறது என்றால் அது முதல் முறை தவறிய நோயறிதலுக்குத்தான் சாட்சி.

இரண்டாவது மறுப்பு பட்டறைக்காரர்களிடமிருந்து வருகிறது. அதில் நியாயம் இருக்கிறது. "அரை நாள் உட்கார்ந்து கம்பியைத் தேடிக் கண்டுபிடித்தால், ஒரு இஞ்ச் வயரை ஒட்டியதற்கு எவ்வளவு கேட்கிறாய் என்று சண்டைக்கு வருகிறார்கள். மோட்டாரை மாற்றினால் பில்லைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் கொடுக்கிறார்கள்." இது பட்டறையின் குற்றம் அல்ல, நம் குற்றம். கையில் பிடிக்கக்கூடிய பொருளுக்கு மட்டும் பணம் கொடுத்து, மூளைக்கும் நேரத்துக்கும் பேரம் பேசிப் பழகியிருக்கிறோம். இந்தப் பேரத்தில் யார் தோற்கிறார் என்று பார்க்க வேண்டும். கொல்லங்கோட்டில் மோட்டார் மாற்ற வேண்டுமென்றால் உதிரிபாகம் பாலக்காட்டிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வர வேண்டியிருக்கும். உங்கள் மாடலுக்கு, உங்கள் வருடத்துக்கு, இடப்பக்கமா வலப்பக்கமா என்று பார்த்து வர வேண்டும். ஒரு பக்கத்து ஜன்னலில் பாலித்தீன் ஒட்டி மழையில் சில நாள் ஓட்ட வேண்டும். கடைசியில் அது மோட்டார் கோளாறு இல்லை என்று தெரிந்தால், மாட்டிய மின்சாதனத்தைத் திரும்ப வாங்கும் கடை அரிது. கண்டுபிடித்ததற்குத் தனிக் கூலி, சரிசெய்ததற்குத் தனிக் கூலி என்று பட்டறை எழுதி வைக்கட்டும். வண்டிக்காரர் அதைக் கொடுக்கப் பழகட்டும். பம்ப் மெக்கானிக் கிணற்றில் இறங்கிப் பார்த்ததற்குக் கூலி கொடுக்கும் ஊரில் இது புதிதாகக் கற்க வேண்டிய பாடமில்லை.

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் மிரட்டலாக வருகிறது: "இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் வண்டி. சின்னப் பட்டறையில் ஒன்றும் செய்ய முடியாது, கம்பெனி சொன்னால் மாற்ற வேண்டியதுதான்." சில புதிய கார்களில் மோட்டாரோடு ஒரு மின்னணுப் பலகை சேர்ந்தே வருகிறது, பொத்தான் அங்கே மின்சாரத்தை அனுப்புவதில்லை, கட்டளையை அனுப்புகிறது. அப்படிப்பட்ட கதவில் நான் சொன்ன பல்பு சோதனையும் நேரடிக் கம்பி சோதனையும் செல்லாது, ஸ்கேனர் வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்கேனர் என்ன சொல்லும்? பெரும்பாலும் இன்ன ஜன்னலின் சுற்றில் கோளாறு என்று சொல்லும். சுற்று என்பதில் கம்பி, கனெக்டர், மோட்டார் எல்லாமே அடக்கம். தெருவின் பெயரை அது சொல்கிறது, வீட்டை நாம்தான் தேட வேண்டும். இன்னொரு உதாரணம்: கண்ணாடி மேலே போய் முட்டுவதற்குள் தானாகவே கீழிறங்குகிறது என்றால் "கம்ப்யூட்டர் கோளாறு" என்று பலகையை மாற்றச் சொல்கிறார்கள். விரலோ கழுத்தோ சிக்கினால் கண்ணாடி பின்வாங்க வேண்டும் என்று வைத்த ஏற்பாடு அது. காய்ந்த ரப்பரின் பிடியை அது விரல் என்று எடுத்துக்கொள்கிறது. கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. ரப்பர் இறுகியிருக்கிறது என்ற உண்மையைத்தான் தன் மொழியில் சொல்கிறது. பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு ஒரே தட்டில் ஏறும் வசதி போய்விட்டால், பல கார்களில் கண்ணாடியை முழுதாக ஏற்றிப் பொத்தானைச் சில விநாடி பிடித்தாலே அது மறுபடி கற்றுக்கொள்ளும். அந்த முறை வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும்.

கம்பெனி மட்டுமே தொடலாம் என்ற அச்சம் தானாக வளர்ந்ததும் இல்லை. மாருதி 800உம் அம்பாசடரும் உற்பத்தியை நிறுத்திய அதே 2014ஆம் ஆண்டில், ஆகஸ்ட் 25 அன்று, இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் ரூ.2,545 கோடி அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும், பழுது கண்டறியும் கருவிகளும், தொழில்நுட்பக் கையேடுகளும் வெளிப் பட்டறைகளுக்குத் தாராளமாகக் கிடைக்கவில்லை என்பதே அந்த வழக்கின் சாரம். வெளியில் பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்துசெய்வதையும் ஆணையம் ஏற்கவில்லை. அபராதத்தை எதிர்த்து வழக்குகள் தொடர்ந்தன என்பது வேறு கதை. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தபோது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென இணையவாசலும் திறக்கப்பட்டது. சின்னப் பட்டறைக்குத் தகவல் கிடைக்காமல் போனது இயற்கையின் விதி அல்ல, சந்தை செய்த ஏற்பாடு என்று அரசு அமைப்புகளே பார்த்திருக்கின்றன. ஆனால் இந்த உரிமைக்குக் குரல் கொடுக்கும் பட்டறை, தானும் அளந்து பார்க்காமல் மாற்றச் சொன்னால், கம்பெனிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? கையேட்டைக் கேட்கும் உரிமை அதைப் படிக்கிறவருக்குத்தான் பலன் தரும்.

மோட்டார் ஒருபோதும் கெடாது என்று நான் வாதிடவில்லை. கார்பன் தேயும், தண்ணீர் உள்ளே போய்த் துருப்பிடிக்கும், புழுப் பற்சக்கரத்தின் பிளாஸ்டிக் பற்கள் மழுங்கும். கயிறு பிய்ந்த ரெகுலேட்டரை முடிச்சுப் போட்டு ஓட்டுவது சிக்கனம் ஆகாது. அங்கே மாற்றுவதே சரி. அப்போதும் தண்ணீர் ஏன் உள்ளே போனது, கயிறு ஏன் பிய்ந்தது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது; அதற்கு விடை காணாமல் கதவை மூடக் கூடாது. எல்லாரும் வீட்டு முற்றத்தில் கதவைப் பிரிக்கலாம் என்றும் சொல்லவில்லை. கத்தரிக்கோல் வகை ரெகுலேட்டரில் சுருள்வில் இருக்கும். மோட்டாரைக் கழற்றியதும் அது விரலை வெட்டும் வேகத்தில் விடுபடலாம். கண்ணாடியை அகலமான டேப்பால் மேலே ஒட்டிவைக்காமல் கை உள்ளே போகக் கூடாது. கதவில் ஏர்பேகுக்கான சென்சார் உள்ள கார்களில் பேட்டரியைக் கழற்றாமல் எந்தக் கனெக்டரையும் தொடக் கூடாது. விரல் சிக்கினால் பின்வாங்கும் வசதியுள்ள கதவில், அந்த வசதியில்லாத மலிவு மோட்டாரை மாட்டுவது குழந்தைகள் ஏறும் வண்டிக்குச் செய்யும் துரோகம். இவை எல்லாம் தேர்ந்த கை வேண்டும் என்பதற்கான காரணங்கள். தேர்ந்த கை என்பது அளக்கத் தெரிந்த கை. இந்த எச்சரிக்கைகள் என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கின்றன.

ஆகவே வண்டிக்காரருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை "மோட்டார் போயிருச்சுங்க" என்று சொன்னால் சண்டை போட வேண்டாம், சந்தேகமாகப் பார்க்கவும் வேண்டாம். "கழற்றுவதற்கு முன்னால் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்துக் காட்டுங்கள், இல்லை ஸ்கேனரில் வந்ததைக் காட்டுங்கள், பார்த்த கூலியைத் தனியாகக் கொடுத்துவிடுகிறேன்" என்று சொல்லுங்கள். அசையாவிட்டால், ரெகுலேட்டரோ ரப்பரோ இறுகப் பிடிக்கவில்லை என்று பார்த்துவிட்டுத் தாராளமாக மாற்றுங்கள். கண்ணாடி ஏறிவிட்டால், அதே மோட்டாரை அங்கேயே விட்டுவிட்டுக் கம்பியைத் தேடச் சொல்லுங்கள்.